தூசியைக் கணக்கில் சேர்க்காத ஊர்

சுண்ணாம்பேரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பால் காய்ச்ச எழுந்தவர்கள் எல்லாரும், அடுப்பு பற்றுவதற்கு முன்னாலேயே தங்கள் கை பற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். எரியவில்லை, வலிக்கவில்லை, புகையும் இல்லை. விரல் நுனியிலிருந்து தோள் வரை ஒரு நிறம் நின்றது, சிவப்புக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பதுபோல, இதுவரை யாரும் பேர் வைக்காத ஒரு நிறம். திரும்பிப் பார்த்தால் தூங்குகிற கணவன்மேல் அந்த நிறம், அவன் காலடியில் சுருண்ட பூனைமேல் அந்த நிறம், எழுந்துவந்த பாயில் தாங்களே இன்னும் படுத்திருப்பதுபோல அந்த நிறம் ஆள் நீளத்துக்குக் கிடந்து மெல்ல மெல்ல மங்கிக்கொண்டிருந்தது. பார்த்துப் பயந்து நின்றதில் அன்று பாதி வீட்டில் பால் பொங்கி வழிந்தது.

ஏன் வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். சூடு எங்களுக்குக் கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். விசாரிக்க வந்த தாசில்தாருக்கு ஊர் எல்லைப் பலகை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை, பலகையைத் தாண்டியதும் தன் வயிறே அந்த நிறத்தில் தெரிந்தது, ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை. நாங்கள் அதற்கு அனல் என்று பேர் வைத்தோம். பேர் வைத்துவிட்டால் எதுவும் கொஞ்சம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே வளையல் கடை வைத்திருக்கிறவள், பெயர் தங்கபுஷ்பம். ஊருக்குள் நான் பிடிக்காத பெண் கை கிடையாது. கையைப் பிடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, எலும்பு வழுக்குகிற இடம் பார்த்து வளையலை ஏற்றுகிற வேலையில், யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பயம், யார் நேற்று அழுதாள் என்பதெல்லாம் பேசாமலே தெரிந்துவிடும். அனல் வந்த பிறகு அந்தச் சிரமம்கூட இல்லாமல் போயிற்று. வாசலில் நிற்கும்போதே தெரிந்தது.

ஒரு மாதத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது, மின்சாரம் வந்தபோதும் இப்படித்தான் பழகியிருப்போம். பேருந்தில் ஆண்கள் எழுந்துபோன இருக்கையின் அனல் ஆறும்வரை பெண்கள் நின்றுகொண்டே வந்தார்கள். மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதை விட்டு மடியின் அனலைப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், பெண் தலைகுனிந்து காபித் தட்டை நீட்டியபோது அவள் அனல் ஏறாததைப் பார்த்து, இவளுக்கு இஷ்டமில்லை என்று தாங்களே எழுந்துபோனார்கள். அப்படி நடந்தது எங்கள் ஊர் சரித்திரத்தில் அதுதான் முதல்தடவை. பக்கத்து வீட்டுச் சுவரில் யார் வெகுநேரம் சாய்ந்திருந்தார் என்பது சுவரிலேயே தெரிந்ததால் சில குடும்பங்களில் சண்டை வந்தது, சில குடும்பங்களில் சண்டை தீர்ந்தது. ஆனால் அடியில், எல்லாருக்கும் அடியில், ஒரு பயம் தண்ணீர் மாதிரி ஊறிக்கொண்டே இருந்தது. தெரிகிற ஒன்று என்றைக்காவது தெரியாமல் போகுமே.

போயிற்று. மாதா கோவில் மணியடிக்கிற பெரியவர் நோயில் கிடந்து போனபோது, சுற்றி நின்ற எல்லாரும் அவர் அனல் பாதத்திலிருந்து ஏறி, முழங்காலைக் கடந்து, நெஞ்சுக்கு வந்து, அங்கே கொஞ்சநேரம் நின்று யோசித்துவிட்டு அணைந்ததைப் பார்த்தார்கள். கட்டில், தலையணை, பெரியவர் மூன்றும் ஒரே நிறமாகிவிட்டன. செத்தவர்களை நாங்கள் பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் மரணம் நடந்துபோவதை அன்றுதான் பார்த்தோம்.

அதற்கடுத்த வாரம் தையல்கடை அஞ்சலை அணைந்துபோனாள். அவள் சாகவில்லை. கடைவாசலில் நின்று, ஜாக்கெட் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு, யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், மேலே ஒரு பொட்டு அனல் இல்லை. அவளுக்குப் பின்னால் வெயிலில் காய்ந்த சுவர் அவளைவிட உயிரோடு இருந்தது. என்ன எல்லாரும் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். அவள் புருசன் ஓடிப்போய்த் தோளைத் தொட்டு உலுக்கினான். எடுத்தபோது அவன் கைத்தடம் அவள் தோளில் அனலாக ஒட்டியிருந்து, கண்ணெதிரே உள்ளே உறிஞ்சப்பட்டதுபோல மறைந்தது. கை எங்கே வைத்தாலும் தடம் விழும், ஆறும், அது எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் பயந்தவன் கண்ணுக்கு அது அவள் அவனைக் குடிப்பதுபோல் இருந்தது. அன்றோடு அவளை யாரும் தொடவில்லை. பிறகு பொதுவாகவே யாரும் யாரையும் தொடுவதை நிறுத்தினோம், ஏனென்றால் அடுத்து யார் என்று தெரியாது. தொடாமல் இருப்பது எங்கள் ஊருக்குப் புதிய வித்தை இல்லை, வெகுகாலம் பயின்றதுதான், ஆகவே சீக்கிரம் கை வந்தது.

என் கடையிலும் பெண்கள் வளையலைத் தட்டில் எடுத்து, சோப்பு தடவி, தாங்களே ஏற்றிக்கொண்டார்கள். உடைந்ததுதான் அதிகம்.

பஞ்சாயத்துத் தலைவர் இளவழகன் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவருக்குத்தான் முதலில் சகாயராணி மேடம் ஞாபகம் வந்தது.

சகாயராணி எங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுக்கிறவர், கணவர் மஸ்கட்டில், ஒன்பது வயது மகள் ஜெனிட்டாவோடு என் கடைக்குப் பின்தெருவில் இருக்கிறவர். ஊரில் அவருக்குத் தூசி மேடம் என்று பேர். அவர் ஆராய்ச்சி செய்வது வானத்திலிருக்கிற கேலக்சிகள் என்கிற நட்சத்திரக் கூட்டங்களைப் பற்றி, அதிலும் கேலக்சிகளுக்குள் இருக்கிற தூசியைப் பற்றி. இது தெரிந்த நாளிலிருந்து எங்களுக்குச் சிரிப்பு. சுண்ணாம்பேரியில் ஊரைச் சுற்றிக் கல் குவாரி, குவாரியைச் சுற்றிக் கல் உடைக்கிற கிரஷர், லாரி போனால் தெருவே வெள்ளை, சோற்றில் தூசி, கொடியில் காய்கிற துணியில் தூசி, சாமி நெற்றியில் தூசி. இங்கே இல்லாத தூசி என்று அங்கே போய்த் தேடுகிறாரா என்று கேட்காத ஆள் இல்லை. நாங்கள் அதைத் தட்டிவிட்டுச் சாப்பிட உட்காருகிறவர்கள், தூசியை ஒரு பொருளாக எண்ணியது கிடையாது.

பண்டிகைக்குப் பண்டிகை மகளுக்கு வளையல் வாங்க வரும்போது அவர் எனக்குச் சொல்லுவார். பூமிக்கு மேலே அனுப்பிய தொலைநோக்கி, சிவப்பை அடுத்துக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் பார்த்து எடுத்த எண்கள் அவருக்குக் கம்ப்யூட்டரில் வரும். ஒரு கேலக்சி பிறந்து வளர்ந்து மூப்பதை யாரும் உட்கார்ந்து பார்க்க முடியாது, ஆயுள் போதாது. அதனால் பிள்ளையும் வாலிபமும் கிழமுமாக வானத்தில் இருக்கிற ஆயிரக்கணக்கான கேலக்சிகளைப் பார்த்து, ஒன்றின் வாழ்க்கை இப்படித்தான் போயிருக்கும் என்று ஒரு கோடாகக் கோத்துவிடுவார், அதற்கு மாதிரி என்று பேர். ஒரு தெருவை ஒரே ஒரு போட்டோ எடுத்து, அதிலிருந்து ஒரு மனுசனின் வாழ்க்கையைச் சொல்லுகிற மாதிரி அக்கா, என்பார். புது நட்சத்திரங்கள் தூசிக்குள்ளேதான் பிறக்குமாம், தூசி அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடுமாம், கண்ணுக்கு அந்தக் கேலக்சி அணைந்தது போலிருக்குமாம். தூசியெல்லாம் தீர்ந்துபோன கேலக்சி நன்றாகத் தெரியும், ஆனால் அதில் இனிப் பிறக்க ஒன்றும் கிடையாது, பழைய நட்சத்திரங்கள் தங்கள் மிச்சத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவே. நான் தலையாட்டிக்கொண்டே வளையல் ஏற்றுவேன். அதில் பாதி என் காதில் தங்கியது, பாதி தெருவோடு போயிற்று.

தலைவர் அவரிடம் கேட்டது இதுதான்: வானத்தில் எது எப்போது அணையும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, ஊரில் யார் எப்போது அணைவார் என்று சொல்ல முடியாதா? முடியாது என்றுதான் மேடம் முதலில் சொன்னார். மனுசர் கேலக்சி இல்லை என்றார். ஆனால் கல்லூரி வாசலில் ஜனம் நின்றது, தினம் நின்றது, பேசாமல் நின்றது. பயந்த ஜனத்துக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில், சரி, எல்லாரையும் ஒருதடவை பார்க்கிறேன் என்றார். பச்சைக்குழந்தை முதல் படுக்கையில் கிடந்தவர் வரை எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, வெந்நீர் நிறைத்த பித்தளைக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்து, குடத்தின் அனலோடு ஒப்பிட்டார். வானத்திலும் அப்படித்தானாம், சூடு தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் சூடு தெரியாததை அளக்க முடியாதாம். அதிலிருந்து அவருக்கு ஒரு கோடு கிடைத்தது. பிள்ளைக்கு இவ்வளவு, குமரிக்கு இவ்வளவு, அறுபதுக்கு இவ்வளவு அனல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் எனக்குத் தெரியாது, கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்குத் தெரியாது என்ற வார்த்தையை ஊர் கேட்கவில்லை. அவர் போட்ட கோட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போயிற்று.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை காலையில் குடம் வீடு வீடாக வந்தது. வயதுக்கு ஏற்றபடி வெந்நீரும் தண்ணீரும் விளாவி, மஞ்சள் துணி சுற்றி, வார்டு உறுப்பினர் முன்னால் தூக்கிவர, பின்னால் தலைவர் வருவார். பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக் குடத்துக்குக் காத்திருந்தார்கள். சிலர் அதற்குப் பூ வைத்தார்கள். பக்கத்தில் நின்று குடத்தைவிட மங்கலாகத் தெரிந்தவர்கள் அணைந்தவர்கள். அவர்களைப் பஞ்சாயத்துக் கல்யாண மண்டபத்துக்கு அனுப்பினோம். யாரும் அடித்து இழுக்கவில்லை. ஊருக்காகத்தானே என்று அவர்களே பாயைச் சுருட்டிக்கொண்டு, யார்மேலும் படாமல் தெரு நடுவே நடந்துபோனார்கள், ஜன்னல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. அஞ்சலை மெஷினையும் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். கிரஷரில் வேலை செய்கிறவர்கள், குவாரிச் சாலையில் வீடு உள்ளவர்கள், மாசமாக இருந்த ஒருத்தி, வளருகிற பையன்கள் சிலர் என்று மண்டபம் நிறைந்தது. அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. நாங்கள் பார்க்கவில்லை, பயம் அவ்வளவு தூரம் பார்க்காது.

மண்டபப் படியில் சோற்றுப் பானையை வைத்து நீளக் கழியால் உள்ளே தள்ளுவோம். பானை காலியாக வரும். இன்னும் வேண்டும் என்பார்கள். உயிரோடிருக்கிற எங்களுக்குப் பயத்தில் ஒரு வாய் இறங்கவில்லை, அணைந்தவர்களுக்கு அப்படி ஒரு பசி, கேட்கவே குலை நடுங்கும். பகலெல்லாம் உள்ளேயிருந்து தையல் மெஷின் சத்தம் வேறு. துணி ஏது, யாருக்குத் தைக்கிறாள் என்று தெரியாது. அந்தப் பக்கம் போகும்போது நான் காதைப் பொத்திக்கொண்டு போவேன்.

சகாயராணி மேடம் தலைவரிடம் போய்க் கேட்டிருக்கிறார், நான் போட்ட கோட்டை இதற்கா கொடுத்தேன் என்று. இது மனுசரை நிறுக்கிற தராசு இல்லை, விட்டுப்போனது ஏதோ இருக்கிறது, எது என்று யோசிக்க நேரம் கொடுங்கள் என்றாராம். தலைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மேடம் சொன்னால் சரியாக இருக்கும் என்று குடத்துக்கு இன்னொரு மாலை போட்டார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, குடம் பின்தெருவுக்கு வந்தபோது, ஜெனிட்டா பள்ளிக்கூட உடுப்பில், இரட்டைச் சடையோடு வந்து அதன் பக்கத்தில் நின்றாள். குடம் ஜொலித்தது. பிள்ளை இல்லை.

என் வீடும் அதே பின்தெருதான், வாசலிலிருந்து பார்த்தேன். காலை வெயில் பட்ட பக்கத்துக் கம்பி வேலியில்கூட அனல் இருந்தது. சீருடைக்குள் பிள்ளை ஒரு நாற்காலி மாதிரி நின்றாள். எல்லாரும் பின்வாங்கியதைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மா, பாயை எடுத்துட்டு வரட்டுமா என்று கேட்டாள். அழவில்லை. மற்ற பிள்ளைகள் போனதைப் பார்த்திருக்கிறாள், முறை தெரியும்.

 தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "மேடம், நான் என்ன செய்யட்டும். நீங்க போட்ட கோடுதான்."

சகாயராணி மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குடத்துத் தண்ணீர் ஆற ஆரம்பித்திருந்தது. அவரும் எங்களைப் போலத்தான், வெகுநாளாக மகளைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவை இல்லை, காய்ச்சல் என்றால் சமையலறையிலிருந்தே தெரிந்துவிடும், பள்ளிக்கூடம் விட்டு வருகிறாள் என்பது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற பழக்கமே ஊரில் ஒழிந்துபோயிருந்தது. அவர் கை இப்போது எழுந்தது, பாதியில் நின்றது. பயம்தான். பெற்றவளுக்குப் பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நான் பார்த்தேன். பிறகு கையை நெற்றியில் வைத்தார்.

கூட்டம் ஒரேயடியாகப் பின்னால் சாய்ந்தது. வார்டு உறுப்பினர் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டார், அது எங்களைக் காப்பாற்றும் என்பதுபோல.

மேடம் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையையும் எடுத்துக் கழுத்தில் வைத்தார், கன்னத்தில் வைத்தார், முதுகில் சட்டைக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அதில் வெள்ளையாக, மெல்லிசாக, குவாரித் தூசி. தோலில் இருந்து வந்ததா, தோலுக்கும் மேலே எங்கள் கண்ணுக்குத் தெரிந்த அந்த அனலில் படிந்து கிடந்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் முகம் அப்படியே செத்துப்போயிற்று.

"தூசிய விட்டுட்டேன்," என்றார். யாரிடமும் இல்லை. "இத்தன வருசமா அதத்தான் படிச்சேன். இந்த ஊர்ல இருந்துகிட்டு, அத விட்டுட்டேன்."

பிறகு எல்லாரையும் பார்த்து வேகவேகமாகச் சொன்னார், வார்த்தை ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தது. எங்கள் கண்ணுக்குக் கிடைத்தது சூட்டில் ஒரு துண்டுதான், சிவப்பை ஒட்டிய துண்டு மட்டும்தான். தூசி மூடினால் அந்தத் துண்டு வெளியே வராது. சூடு தூசிக்குள்ளேயே நின்று, இன்னும் நீளமான அலையாகி, எங்கள் கண் எட்டாத பக்கமாக வெளியே போகும். மங்கலாகத் தெரிகிறதென்றால் இரண்டு காரணம் இருக்கலாம், தீர்ந்துபோயிருக்கலாம், மூடியிருக்கலாம். இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். பிரித்துப் பார்க்காமல் கோடு போட்டால் உயிரோடிருப்பதைச் செத்த கணக்கில் எழுதிவிடுவோம். இவள் அணையவில்லை, மண்டபத்தில் இருக்கிற யாருமே அணையவில்லை, தொட்டுப் பாருங்கள், ஒரே ஒருத்தர் தொட்டுப் பாருங்கள்.

யாரும் அசையவில்லை. தாய் பேசுகிற பேச்சு என்று நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கோட்டைப் போட்டபோது நம்பியவர்கள், கோடு தப்பு என்று போட்டவரே சொன்னபோது நம்பவில்லை. தூரத்தில் மண்டபத்திலிருந்து மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது அவர் என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க வாங்க. உங்களுக்குத்தான் கை தெரியும்."

 வேண்டாம் மேடம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வேலைக்குப் பழகிய கால்கள்தான் நடந்தன என்று நினைக்கிறேன், வளையல் போட யாராவது கையை நீட்டினால் நான் போகாமல் இருந்ததில்லை, அந்தப் பிள்ளை கையை நீட்டிக்கொண்டிருந்தாள். தெரு நீளம் முழுக்க எல்லாரும் என் கையைத்தான் பார்த்தார்கள். என் கை பளிச்சென்று இருந்தது. ஊரிலேயே நல்ல அனல் எனக்குத்தான் என்று பேர், குடம் வந்தால் என் பக்கத்தில் குடம்தான் மங்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையின் கையைப் பிடித்தேன். கட்டைவிரலை உள்ளே மடக்கினேன், பழக்கம்.

சுட்டது. அப்போதுதான் ஊற்றிய டீ கிளாஸைப் பிடித்ததுபோல் சுட்டது. காய்ச்சல் சூடு இல்லை, அது எனக்குத் தெரியும். மணிக்கட்டில் எலும்பு வளருகிற பிள்ளைக்கு இருக்கிற சூடு, ஓடுகிற, விளையாடுகிற, இன்னும் ஏகப்பட்டது உள்ளே வைத்திருக்கிற சூடு. விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. மண்டபத்துக்குப் போன கைகள் எல்லாம் என் கைக்கு ஞாபகம் வந்தன, அந்தக் கழி, அந்தப் பானை, இன்னும் வேண்டும் இன்னும் வேண்டும் என்ற அந்தக் குரல்கள்.

சொல்லிவிடலாம் என்றுதான் ஜனத்தின் பக்கம் திரும்பினேன். தெருமுனை வரைக்கும் நின்றார்கள், தலைவர், வார்டு உறுப்பினர், அஞ்சலையின் புருசன், என்னோடு பேசிச் சிரிக்கிற எல்லாரும், மேலே ஒரு தூசி மறைப்பு இல்லாமல், தலையிலிருந்து கால் வரை பளிச்சென்று, ஒருத்தர் விடாமல் ஜொலித்துக்கொண்டு. வளையல் ஏற்றும்போது பாதிக் காதில் கேட்டதெல்லாம் அந்த நிமிசம் திரும்பி வந்தது, நன்றாகத் தெரிகிறவற்றில் இனிப் பிறக்க ஒன்றும் கிடையாது, மிச்சத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவே என்று அவர் சொன்னது. மேடத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மகளைப் பிடித்திருந்த என் பிரகாசமான கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கண்ணில் முன்னைவிடப் பெரிய பயம் இருந்தது.

ஜெனிட்டா கையை உருவிக்கொள்ளவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"அத்த, உங்க கை ஏன் இப்பிடிச் சில்லுன்னு இருக்கு?"